கூட்ட அறைக்கான டிஜிட்டல் ஒலிச் செயலி: அமைப்பதும் இயக்குவதும்

1. செயலி செய்யும் வேலை

கூட்ட அறையில் பேசுவோரின் குரலை மைக்குகளிலிருந்து வாங்கி எண்களாக மாற்றுவது, இரைச்சலையும் எதிரொலியையும் களைவது, அறைக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கும் காணொளி அழைப்பின் மறுமுனைக்கும் தனித்தனிக் கலவையாக அனுப்புவது ஆகியவை டிஜிட்டல் ஒலிச் செயலியின் வேலைகள். இத்தொழிலில் இருப்பவர்கள் இதைச் சுருக்கமாக டிஎஸ்பி என்பார்கள். பையாம்ப், கியூஎஸ்சி, ஷூர், யமஹா முதலிய நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளைச் செய்கின்றன. திரையில் தெரியும் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உள்ளே குரல் கடக்கும் படிகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

மண்டபத்து மைக் செட்டில் ஒலி மேடையிலிருந்து கூட்டத்துக்கு ஒரே திசையில் போகிறது. காணொளிக் கூட்டத்தில் அது இரு திசையிலும் ஓடுகிறது. மதுரையில் பேசுவது தேனியில் கேட்க வேண்டும். தேனியில் பேசுவது மதுரை அறையின் ஸ்பீக்கரில் ஒலிக்க வேண்டும். அப்படி ஒலிக்கும்போது மதுரை மைக்குகள் அதையும் எடுத்துத் தேனிக்கே திருப்பி அனுப்பிவிடும். தேனியில் பேசுபவர் தம் குரலையே சற்றுத் தாமதமாகக் கேட்டு, சொல்ல வந்ததை விட்டுத் தடுமாறுவார். சாதாரண மிக்ஸரால் தீர்க்க முடியாத இந்தச் சிக்கலுக்காகவே செயலி தேவைப்படுகிறது.

2020 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் காணொளி விசாரணைக்கு வழிகாட்டும் ஆணை பிறப்பித்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உட்பட நாடெங்கும் நீதிமன்றங்கள் திரை வழியே இயங்கின. அலுவலகங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அதே வழிக்கு வந்தன. படம் சிறிது நேரம் உறைந்தாலும் கூட்டம் நடக்கும், குரல் தெளியாவிட்டால் கூட்டமே நின்றுவிடும் என்பதை அந்த மாதங்கள் எல்லோருக்கும் காட்டின.

செயலியை அமைக்கும் வரிசை, குரல் பயணம் செய்யும் வரிசையேதான்: அறை, மைக், கேபிள், கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு), வடிகட்டி, எதிரொலி நீக்கி, தானியங்கி மிக்ஸர், ஸ்பீக்கர். ஒரு படி சரியாகாமல் அடுத்த படியைத் தொட்டால், முதல் குறையை மறைக்கப் புதிய குறையைச் சேர்க்க நேரும். இந்த அத்தியாயமும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

2. அறையைச் சரிசெய்தல்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், 26 அடி நீளமும் 16 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட கூட்ட அறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தரையில் டைல்ஸ், பூசிப் பெயிண்ட் அடித்த சுவர், சாலைப் பக்கம் கண்ணாடி ஜன்னல், மேலே கான்கிரீட் தளம், சுழலும் மின்விசிறிகள். வெளியே தேனி, திண்டுக்கல், கோவை வழிப் பேருந்துகளின் ஹாரனும் ஊர்ப் பெயர்களைக் கூவும் குரல்களும் ஓய்வதில்லை.

இங்கே இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது வெளி இரைச்சல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் அனுமதிக்கும் எல்லை 65 டெசிபல். ஒருவர் இயல்பாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல்தான். ஜன்னலைத் திறந்து வைத்தால், விதி மீறாத சாலையே பேச்சை மூழ்கடிக்கும். எனவே ஜன்னல் சட்டங்களுக்கு ரப்பர் பட்டை, கதவின் அடி இடைவெளிக்கு அடைப்பு, சாலைப் பக்கத்துக்குக் கனத்த திரைச்சீலை ஆகியவை செயலி வாங்குமுன்பே செய்ய வேண்டிய வேலைகள். காற்று நுழையும் சந்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒலியும் அதன் வழியே நுழையும்.

இரண்டாவது தொல்லை அறையின் முழக்கம். கைதட்டினால் அந்த ஒலி 60 டெசிபல் குறைந்து அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அதன் அளவு. ஹார்வர்டில் 1890-களில் ஆய்வு செய்த வாலஸ் சாபைன் இதற்கு எளிய கணக்கைத் தந்தார்: அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சு பரப்பால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டு அறை ஏறத்தாழ 8 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3 மீட்டர்; கன அளவு 120. மொத்தப் பரப்பு 158 சதுர மீட்டர். டைல்ஸும் பூச்சும் கண்ணாடியும் சராசரியாக 6 விழுக்காடு உறிஞ்சுவதாகக் கொண்டால், காலி அறையில் முழக்கம் 2 நொடி நீடிக்கும். பேச்சுக்கு இது மிக அதிகம். மறுமுனையில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். 70 விழுக்காடு உறிஞ்சும் மினரல் ஃபைபர் பலகைகளால் 40 சதுர மீட்டர் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங் போட்டால், அதே கணக்குப்படி முழக்கம் 0.55 நொடியாகக் குறையும். இந்த அளவில் உள்ள அறைக்கு 0.4 முதல் 0.6 நொடி வரை நல்லது. சுவரில் திரைச்சீலையும் உள்ளே ஆட்களும் சேர்ந்தால் இன்னும் குறையும். ஜிப்சம் பலகை மட்டும் போட்ட சீலிங் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பேச்சின் அதிர்வெண்களை அதிகம் உறிஞ்சுவதில்லை.

சித்திரை, வைகாசியில் மதுரை வெயிலுக்கு விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது. ஏசி இருந்தால் கூட்ட நேரத்தில் விசிறிகளை அணைத்து, ஏசியின் காற்று மைக் பக்கம் வீசாதபடி திருப்பி வைக்க வேண்டும். விசிறி மட்டுமே உள்ள அறையில் மைக்குகளை விசிறியின் நேர்க்கீழிருந்து தள்ளி வைத்து, தலைக்கு ஸ்பாஞ்ச் உறை போட வேண்டும். இல்லாவிட்டால் இறக்கையின் காற்று மைக்கில் மோதும் ‘தொப் தொப்’ ஓசை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் கேட்கும்.

3. மைக்கும் ஸ்பீக்கரும் வைக்கும் இடம்

மைக் வாயிலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் முழக்கமும் சாலை இரைச்சலும் அப்படியே இருக்கும். 30 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 120 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் 12 டெசிபல் இழப்பு. கெயினைக் கூட்டி அதை ஈடுகட்டினால் இரைச்சலும் 12 டெசிபல் கூடும். எந்தச் செயலியாலும் இந்த இழப்பை முழுமையாக மீட்க முடியாது.

ஆகவே சாலை ஓரத்து அறைக்கு, கழுத்து வளையும் கூஸ்நெக் மைக்குகளே பாதுகாப்பான தேர்வு. இரண்டு பேருக்கு ஒன்று வீதம், வாயிலிருந்து ஒரு அடி முதல் ஒன்றரை அடி தூரத்தில் வைக்கலாம். மேசையில் படுக்கும் பவுண்டரி மைக் அழகாக இருக்கும். ஆனால் பேனா தட்டுவதும் காகிதம் புரட்டுவதும் அதில் பெரிதாகக் கேட்கும். கூரையில் பொருத்தும் அரே மைக் அமைதியான, நன்கு உறிஞ்சும் அறைக்கு ஏற்றது.

ஒரு திசையில் மட்டும் நன்கு வாங்கும் கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம் ஸ்பீக்கரைப் பார்த்திருக்க வேண்டும். மறுமுனைக் குரலுக்கான ஸ்பீக்கர் திரைக்கு அருகில் இருந்தால், முகம் தெரியும் இடத்திலிருந்தே குரல் வரும்.

4. கேபிள், மின்சாரம், நெட்வொர்க்

மைக் கேபிள் இரண்டு கம்பியும் ஷீல்டும் கொண்ட பேலன்ஸ்டு வகையாக, எக்ஸ்எல்ஆர் முனையோடு இருக்க வேண்டும். 230 வோல்ட் மின்கம்பியோடு அதை ஒரே பைப்பில் இழுக்கக் கூடாது. குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். கண்டென்சர் மைக்குகளுக்குச் செயலியே அதே கேபிள் வழியாக 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் தரும். சேனலை ம்யூட் செய்த பிறகே அதை இயக்க வேண்டும். லேப்டாப் போன்ற லைன் கருவிகள் வரும் சேனலில் ஃபேண்டம் அணைந்திருக்க வேண்டும்.

நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத கட்டடத்தில் அதுவும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் ‘ம்ம்ம்’ என்ற ஹம்மாகக் கேட்கும். செயலி, ஆம்ப்ளிஃபையர், லேப்டாப், திரை எல்லாம் ஒரே ஃபேஸிலிருந்தும் ஒரே எர்த்திலிருந்தும் மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் இது வராது. ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. மின்வெட்டு வந்தாலும் அழைப்பு அறுந்து போகாமல் இருக்க, செயலியும் நெட்வொர்க் ஸ்விட்சும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

டான்டே போன்ற நெட்வொர்க் வழி ஒலி பயன்படும் இடத்தில் தனி ஸ்விட்ச் அல்லது தனி விஎல்ஏஎன் ஒதுக்குவது நல்லது. ஸ்விட்சின் மின்சேமிப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். அது நேர ஒத்திசைவைக் குலைத்து ஒலியில் விக்கல் உண்டாக்கும். எல்லாக் கருவிகளும் ஒரே சாம்பிளிங் வீதத்தில் (மாதிரி வீதம்), வழக்கமாக நொடிக்கு 48,000 மாதிரி என்ற அளவில், இயங்க வேண்டும்.

5. கெயின்

டிஜிட்டல் கருவியில் பூஜ்யம் என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டும் குரல் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு எதனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மிகவும் தாழ்த்தி வைத்தால் மைக்கின் சொந்த இரைச்சல் மேலே வரும். எனவே இயல்பான பேச்சு உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே நிற்பதும், உரத்த சொற்கள் 6 டெசிபல் கீழே வரை தொடுவதும் சரியான நிலை.

ஒவ்வொரு மைக்குக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருவர் அந்த நாற்காலியில் கூட்டத்தில் உட்காருவதுபோலவே சாய்ந்து உட்கார்ந்து, செய்தித்தாளில் ஒரு பத்தியை இயல்பான குரலில் படிக்கட்டும். இன்னொருவர் மென்பொருளில் உள்ளீட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே அனலாக் கெயினை மெல்ல உயர்த்தி, அளவு வந்ததும் நிறுத்தட்டும். மைக்கைத் தட்டி ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று கிட்டே வாய் வைத்துச் சொல்லிக் கெயின் வைத்தால், கூட்டம் தொடங்கியதும் எல்லாக் குரலும் தாழ்ந்துவிடும். எல்லா மைக்கும் முடிந்த பிறகு ஒருவரே ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து அதே பத்தியைப் படித்து ஒப்பிட வேண்டும். மென்குரலையும் உரத்த குரலையும் சமன் செய்யத் தானியங்கி கெயினைப் பயன்படுத்தலாம். அது 6 டெசிபலுக்கு மேல் உயர்த்தாதபடி கட்டினால் பேச்சு நின்ற இடைவெளியில் சாலைச் சத்தம் பொங்கி வராது.

6. வடிகட்டியும் ஈக்குவலைசரும்

முதல் வேலை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் வடிகட்டி. பேருந்து எஞ்சினின் உறுமல், விசிறிக் காற்று, மேசை அதிர்வு ஆகியவற்றின் பெரும்பகுதி அங்கேயே கழியும். பேச்சின் தெளிவு கெடாது. பெட்டிக்குள் அடைபட்டதுபோல் குரல் கேட்டால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 3 டெசிபல் குறைக்கலாம். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. அந்தப் பகுதியைக் குறைத்துவிடக் கூடாது.

சோதிக்க, மறுமுனையில் ஒருவரை உட்கார்த்தி, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். இங்கிருந்து ‘காலை, காளை’, ‘பல்லி, பள்ளி’, ‘கட்டு, கத்து’ போன்ற சொற்களை முன்பின்னாக மாற்றிச் சொல்லலாம். ‘அறுபது, எழுபது’ போன்ற எண்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கணக்கு பேசும் கூட்டங்களில் பிழை நேர்வது அங்கேதான். எழுதியதில் தவறு மிகுந்தால் ஈக்குவலைசரைத் திருகுவதைவிட மைக்கின் தூரத்தையும் அறையையும் திரும்பப் பார்ப்பதே வழி.

7. எதிரொலி நீக்கி

செயலியின் இதயம் இதுதான். நெடுந்தொலைவுத் தொலைபேசியில் வரும் எதிரொலியைத் தீர்க்க 1960-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இந்த முறை உருவானது. அதைக் குறித்த அடிப்படைக் கட்டுரை ஒன்றை 1967-இல் வெளியிட்ட மன் மோகன் சோந்தி இந்தியாவில் பிறந்தவர். மறுமுனையிலிருந்து வரும் குரலின் நகலைச் செயலி வைத்துக்கொள்கிறது. அந்தக் குரல் ஸ்பீக்கரிலிருந்து சுவர், கூரை, மேசை என மோதி மைக்குக்கு வந்து சேரும் வழியைத் தொடர்ந்து கற்றுக்கொள்கிறது. அதன்படி எதிரொலி எப்படி இருக்கும் என்று கணித்து, மைக் ஒலியிலிருந்து கழித்துவிடுகிறது. எஞ்சுவது அறையில் இருப்பவரின் குரல்.

நான்கு விதிகளைப் பின்பற்றினால் இது நன்றாக வேலை செய்யும்.

முதலாவது, அந்த நகலாக, அதாவது ரெஃபரன்ஸாக, மறுமுனைக் குரலையும் லேப்டாப் ஒலியையும் மட்டுமே கொடுக்க வேண்டும். அறையின் மைக்குகள் அதில் கலந்தால் செயலி நம்மவர் குரலையே கழிக்கத் தொடங்கும். பேச்சு தேய்ந்து தேய்ந்து கேட்கும்.

இரண்டாவது, ஒலி அளவுக் கட்டுப்பாடு ரெஃபரன்ஸ் எடுக்கும் இடத்துக்கு முன்பே, செயலிக்குள் இருக்க வேண்டும். அஹுஜா போன்ற ஆம்ப்ளிஃபையரின் திருகியைக் கூட்டத்தின் நடுவே யாரேனும் உயர்த்தினால், கற்ற வழி பொய்யாகி எதிரொலி சில நொடி தலைகாட்டும். ஆம்ப்ளிஃபையர் அளவை ஒருமுறை வைத்து, இடத்தைக் குறித்து, டேப் ஒட்டிவிடலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு மைக்குக்கும் தனி நீக்கி, மிக்ஸருக்கு முன்பே இருக்க வேண்டும். கலந்த பின் ஒரே நீக்கி போட்டால் ஒவ்வொரு மைக் திறந்து மூடும்போதும் வழி மாறிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, நீக்கும் வேலை ஓரிடத்தில் மட்டும் நடக்க வேண்டும். ஜூம், டீம்ஸ் போன்ற அழைப்பு மென்பொருள்களும் கணினியில் எதிரொலியை நீக்கும். அவற்றில் அந்த வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க முடிந்தால் அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சொற்களின் முனை நறுக்கப்படும்.

சோதனை மூன்று கட்டம். மறுமுனையில் உள்ளவர் மட்டும் அரை நிமிடம் பேச வேண்டும். அவருக்குத் தம் குரல் திரும்பக் கேட்கக் கூடாது. அடுத்து இங்கிருந்து மட்டும் பேச வேண்டும். குரல் முழுமையாகப் போக வேண்டும். கடைசியாக இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் எண்களையும் மற்றவர் மாதப் பெயர்களையும் சொல்ல வேண்டும். இரண்டும் இரு பக்கமும் புரிய வேண்டும். இந்த மூன்றாம் கட்டத்தில் ஒரு குரல் அடங்கிப் போனால் ஸ்பீக்கர் அளவு கூடுதல், அல்லது ஸ்பீக்கர் மைக்குக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

8. தானியங்கி மிக்ஸர்

திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் அறையின் இரைச்சல் 3 டெசிபல் கூடும். எட்டு மைக்கும் திறந்தே கிடந்தால் 9 டெசிபல் கூடுதல். பேசுபவரின் மைக்கை மட்டும் முன்னிறுத்தி இதைத் தடுப்பது தானியங்கி மிக்ஸர். இதில் இரண்டு வகை உண்டு. கேட் வகை, குரல் வந்த மைக்கைத் திறந்து மற்றவற்றைத் தாழ்த்தும். டான் டூகன் 1970-களில் உருவாக்கிய கெயின் பகிர்வு வகை, மொத்தக் கெயினை ஒரு மைக்கின் அளவிலேயே வைத்து, யார் குரல் ஓங்குகிறதோ அவருக்கு அதிகப் பங்கைத் தரும். பேச்சு விறுவிறுப்பாகக் கைமாறும் கூட்டங்களில் இரண்டாவது இயல்பாகக் கேட்கும்.

கேட் வகையில், மூடும் மைக்கை முற்றிலும் அணைக்காமல் 10 முதல் 15 டெசிபல் தாழ்த்துவதும், பேச்சு நின்ற பின் அரை நொடி திறந்தே வைப்பதும், கடைசியாகப் பேசிய மைக்கை மூடாமல் விடுவதும் நல்லது. தலைவர் மைக்குக்கு முன்னுரிமை தரலாம்.

9. எது எங்கே போக வேண்டும்

செயலியின் மேட்ரிக்ஸில் உள்ளீடுகள் வரிசையாகவும் வெளியீடுகள் பத்தியாகவும் இருக்கும். கூட்ட அறைக்கு வேண்டிய பொருத்தம் இது:

- மறுமுனைக்கு: அறை மைக்குகள், லேப்டாப் ஒலி. மறுமுனைக் குரல் போகக் கூடாது.
- அறை ஸ்பீக்கருக்கு: மறுமுனைக் குரல், லேப்டாப் ஒலி. சிறிய அறையில் மைக்குகள் வேண்டாம்.
- பதிவுக் கருவிக்கு: எல்லாம்.

பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கு உள்ளூர்க் குரலும் கேட்க வேண்டியிருந்தால், பேசுபவருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கரில் அவர் மைக்கைச் சேர்க்காமல், தூரத்து ஸ்பீக்கர்களில் மட்டும் மெல்லச் சேர்த்தால் ஊளை வராது. பின்வரிசை ஸ்பீக்கருக்குத் தாமதமும் கொடுக்க வேண்டும். 24 டிகிரி குளிரூட்டிய அறையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் போகும். 15 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்கு 43 மில்லிநொடி.

10. அன்றாட இயக்கம்

கூட்டம் நடத்துபவர் கையில் மூன்று கட்டுப்பாடுகள் போதும்: ஒலி அளவு, எல்லா மைக்கும் ம்யூட், ‘காணொளி’ அல்லது ‘உள்ளூர்க் கூட்டம்’ என்ற தேர்வு. மற்ற அனைத்தும் கடவுச்சொல்லுக்குள் பூட்டியிருக்க வேண்டும். இயக்கும்போது செயலி முதலில், ஆம்ப்ளிஃபையர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். இந்த வரிசை மாறினால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடித்து, காலப்போக்கில் அது பழுதாகும்.

வழக்கமான குறைகளும் தேட வேண்டிய இடங்களும்:

- மறுமுனையில் உள்ளவருக்குத் தம் குரல் திரும்பக் கேட்கிறது: குறை இந்த அறையில். ரெஃபரன்ஸையும் ஆம்ப்ளிஃபையர் அளவையும் பார்க்க வேண்டும்.
- இங்கே பேசுபவருக்குத் தம் குரல் திரும்பக் கேட்கிறது: குறை மறுமுனையில். இங்குள்ள எதையும் திருகக் கூடாது.
- ஸ்பீக்கர் ஊளையிடுகிறது: உள்ளூர் மைக் அதே ஸ்பீக்கருக்குப் போகிறதா என்று மேட்ரிக்ஸில் பார்க்க வேண்டும்.
- ஒரு மைக் மட்டும் வேலை செய்யவில்லை: ஃபேண்டம், கேபிள், ம்யூட் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கேபிளை வேலை செய்யும் மைக்கோடு மாற்றிப் போட்டால் பழுது எதில் என்று தெரிந்துவிடும்.
- குரல் விட்டுவிட்டு வருகிறது: கேட்டின் தொடக்க அளவு, இரட்டை இரைச்சல் நீக்கம், இணைய இணைப்பு.
- சீரான ‘டிக் டிக்’ ஒலி: மாதிரி வீதம் கருவிகளிடையே ஒத்திருக்கவில்லை.

அமைப்பு முடிந்ததும் கோப்பைச் செயலியில் சேமிப்பதோடு, தேதியிட்டு இரண்டு பிரதிகள் வெளியே வைக்க வேண்டும். ஒவ்வொரு மைக்கின் கெயின் எண், ஆம்ப்ளிஃபையர் திருகியின் நிலை, கேபிள்களின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரேக்கின் கதவுக்குள் ஒட்டினால், அமைத்தவர் இல்லாத நாளிலும் பழுது பார்க்க முடியும். சாலை ஓரத்து அறையில் தூசி விரைவாக அடையும். ரேக் விசிறியின் வலையை மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். ஃபர்ம்வேர் புதுப்பிப்பை முக்கியக் கூட்டத்துக்கு முந்தின நாள் செய்யக் கூடாது. செய்த பிறகு மூன்று கட்ட எதிரொலிச் சோதனையை முழுதாக நடத்த வேண்டும். மேசை, திரைச்சீலை, ஸ்பீக்கர் எதை இடம் மாற்றினாலும் அறையின் ஒலி மாறுகிறது. அப்போதும் அதே சோதனை தேவை.